விண்ணளவையும் கெலாங் பாத்தாவும்

நிலத்தை ஆளுகின்றவன் முதலில் அதனை அளக்கின்றான். வரி வாங்குவதற்கு முன்னும், பட்டா எழுதுவதற்கு முன்னும், தோட்டம் போடுவதற்கு முன்னும் சங்கிலி வந்து சேரும். இதனை நம் தோட்டத்து மக்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. இத்தனை ஏக்கர் ஒரு பிரிவு, இத்தனை மரம் ஓர் ஆளுக்கு என்று பிறர் அளந்து கொடுத்த வாழ்வையே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தவர்கள் அவர்கள். ஆனால் அளக்கின்ற கோல் எவர் கையில் இருந்தது, அது எவ்வாறு கைமாறி வந்தது என்னும் வரலாற்றை நம்மவர் அதிகம் ஆராய்ந்தாரில்லை. அந்தக் கோல் இந்நாளில் இரும்புச் சங்கிலியன்று. விண்ணிலே சுற்றும் செயற்கைக் கோளும், அது அனுப்பும் படங்களைத் திருத்தி, அடுக்கி, நிலப்படமாக்கித் தரும் கணிப்பொறி மென்பொருளுமே இன்றைய அளவுகோல். அம்மென்பொருளின் வரலாற்றை, ஜொகூர் மாநிலத்துக் கெலாங் பாத்தா வட்டாரத்தை முன்வைத்து இங்கு ஆராயப் புகுகின்றோம்.

கெலாங் பாத்தா என்னும் மலாய்ப் பெயர்க்கு உடைந்த வளையல் என்பது பொருள். ஜொகூர் பாருவுக்கு மேற்கே, நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரின் மேற்குக் கரையை நோக்கியிருக்கும் வட்டாரம் அது. முன்னாளில் ரப்பரும், பின்னாளில் செம்பனையும், கரையோரத்தில் அலையாத்திக் காடும், மீன்பிடிக் கம்பங்களுமாக இருந்த நிலம். 1998இல் துவாஸுக்குச் செல்லும் இரண்டாம் பாலம் திறக்கப்பட்டது. 1999இன் இறுதியில் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்திற்குக் கப்பல்கள் வரத் தொடங்கின. 2006இல் இஸ்கந்தர் மலேசியா என்னும் பெருந்திட்டம் வந்தது. தோட்டமாய் இருந்த நிலம் நகரமாயிற்று. நுசாஜெயா என்று பெயரிட்ட நகரமும் பிறகு இஸ்கந்தர் புத்திரி என்று பெயர் மாறிற்று. இத்தகைய நிலத்தில், பழைய தோட்டம் எங்கே இருந்தது என்று ஒரு பேரப்பிள்ளை கேட்டால், பாட்டனார் நெடுஞ்சாலை விளக்குக் கம்பம் ஒன்றைக் காட்டி, அதோ அங்கேதான் என்று சொல்ல நேரும். அவர் சொல்லுக்குச் சான்று வேண்டுவோர் கம்பெனிக் காகிதங்களைத்தான் தேட வேண்டும் என்று நாம் எண்ணியிருந்தோம். அஃதன்றி வேறொரு சான்றும் உண்டு. அதனை அடைவதற்கு முன், அளவை வந்த வழியைச் சிறிது பின்னோக்கிப் பார்த்தல் நலம்.

அவ்வழி நமது சென்னையிலிருந்தே தொடங்குகின்றது. 1794இல் மைக்கேல் டாப்பிங் என்பவர் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் எட்டு மாணவர்களைக் கொண்டு ஒரு நில அளவைப் பள்ளியைத் தொடங்கினார். 1802 ஏப்ரல் 10ஆம் தேதி வில்லியம் லாம்டன் என்னும் படை அதிகாரி பரங்கிமலை அடிவாரத்தில் இரும்புச் சங்கிலியை விரித்தார். ஏழரை மைல் நீளமுள்ள ஒரே ஒரு கோட்டை அளக்க 57 நாட்கள் சென்றன. அக்கோட்டை அடியாக வைத்து முக்கோணத்தின்மேல் முக்கோணமாக இமயமலை வரையில் இந்தியா அளக்கப்பட்டது. அரை டன் எடையுள்ள கோணமானியைத் தஞ்சைப் பெரிய கோயிலின் கோபுரத்தின்மேல் ஏற்றியபோது, 1808இல், கயிறு அறுந்து கருவி கோபுரத்தில் மோதிச் சிதைந்ததும், லாம்டன் பல வாரம் கதவடைத்து உட்கார்ந்து தம் கையாலேயே அதனைச் செப்பனிட்டதும் இவ்வரலாற்றில் நாம் வியந்து படிக்கும் பகுதிகள். அம்மனிதரின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பதற்கில்லை. ஆயினும் கொடி பிடித்தவரும் பாரம் சுமந்தவரும் இந்நாட்டவராயிருக்க, படம் மட்டும் கம்பெனியாரின் பெட்டிக்குள் போயிற்று என்பதையும் மறப்பதற்கில்லை.

மலாயாவிலும் கதை இதுவே. நில அளவை இலாகாவில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழர் பலர் கோடு கிழித்தும் கணக்கு எழுதியும் பணியாற்றினர். அவர்கள் வரைந்த தாளில், வரைந்தவருக்குச் சொந்தமான நிலம் எவ்வளவு இருந்திருக்கும்! பின்னர் அளவை ஆகாயத்தில் ஏறியது. 1954 ஏப்ரல் 1ஆம் தேதி சிங்கப்பூர் சிலேத்தார் தளத்திலிருந்து எழுந்த ஒரு ஸ்பிட்ஃபயர் விமானம் ஜொகூர்க் காட்டைப் படமெடுத்துத் திரும்பிற்று. பிரிட்டிஷ் விமானப் படையில் அவ்வகை விமானம் போர்ப்பணிக்காகப் பறந்தது அதுவே கடைசி என்பர். அவசரகாலச் சட்டத்தின் கீழ் லயங்கள் முள்வேலிக்குள் ஒருங்கு சேர்க்கப்பட்ட நாள் அது. கீழே இருந்தவர்களுக்கு அப்படத்தைப் பார்க்கும் உரிமை இருந்ததா என்று கேட்பதே வேடிக்கை.

நிற்க. 1972 ஜூலை 23ஆம் தேதி அமெரிக்கா விண்ணில் ஏற்றிய செயற்கைக் கோளோடு இவ்வரலாறு வேறொரு திசையில் திரும்புகின்றது. பிற்காலத்தில் லேண்ட்சாட் என்று வழங்கப்பெற்ற அவ்வரிசையின் முதற்கோள் அது. அதன் கண்ணாகிய பல்நிற வருடுகருவியை வடிவமைத்தவர் வர்ஜீனியா நார்வுட் என்னும் அம்மையார். அக்கோள் எடுத்தது நாம் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டும் போட்டோ அன்று. பூமியைச் சிறு சிறு சதுரங்களாகப் பகுத்து, ஒவ்வொரு சதுரத்திலிருந்தும் எவ்வளவு ஒளி திரும்பி வருகின்றது என்பதை எண்ணாகக் குறித்துக் கீழே அனுப்பிற்று. பச்சைக்கு ஓர் எண், சிவப்புக்கு ஓர் எண், மனிதக் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளிக்கு ஓர் எண். ஆகவே செயற்கைக் கோள் தருவது எண்களின் மலையேயன்றிப் படமன்று. அம்மலையைக் குடைந்து பொருள் காண்பது மென்பொருளின் வேலை.

லேண்ட்சாட் கணக்கில் உலகம் தடங்களாகவும் வரிசைகளாகவும் பகுக்கப்பட்டுள்ளது. சிங்கப்பூரும் தென் ஜொகூரும் 125ஆம் தடம், 59ஆம் வரிசையில் அடங்கும். 16 நாட்களுக்கு ஒருமுறை, நம் கடிகாரத்தில் முற்பகல் 11 மணியை ஒட்டி, கோள் அத்தடத்தைக் கடந்து செல்லும். பால்மரத் தோட்டங்களில் வாளியைத் தூக்கிக் கொண்டு பால் எடுக்கும் வேளை அது. தலைக்குமேல் எண்ணூறு கிலோமீட்டருக்கும் குறைவான உயரத்தில் ஒரு கண் தம் தோட்டத்தை எண்ணிச் சென்றது என்பதை அவர்கள் அறிந்திரார்.

அவ்வெண்களைக் கொண்டு மென்பொருள் என்னதான் செய்கின்றது? முதலாவது, ஒவ்வொரு சதுரத்தையும் பூமியில் அதற்குரிய இடத்தில் சரியாகப் பொருத்துகின்றது. சிறிது பிசகினாலும் ஆற்றின் கரை கடலில் போய் விழும். இரண்டாவது, இடையிலுள்ள காற்று, ஆவி, புகை இவற்றால் நேர்ந்த மாசைக் கழிக்கின்றது. சுமத்திராவின் புகைமூட்டத்தைச் சுவாசித்தவர்களுக்கு இதன் இன்றியமையாமை விளங்கும். பிறகு மேகம். நமது நாட்டில் மேகமில்லாத படம் அரிது. பல நாட்களில் எடுத்த படங்களில் எந்தச் சதுரம் எந்த நாளில் தெளிவாயிருந்ததோ அதைப் பொறுக்கிச் சேர்த்து, ஒரே தெளிந்த படமாகத் தைத்துத் தருவதும் மென்பொருளே. 2003 மே மாதத்தில் லேண்ட்சாட் ஏழாம் கோளின் ஓர் உறுப்புப் பழுதாகி, ஒவ்வொரு படத்திலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பகுதி கோடுகோடாக மறைந்து போயிற்று. கிழிந்த வேட்டியைத் தைப்பது போல அதனையும் தைத்தே பயன்படுத்தினர்.

இம்மென்பொருளின் முன்னோடி கனடா தேசத்தில் பிறந்தது. 1960களில் அந்நாட்டு அரசாங்கம் தன் நிலவளத்தைக் கணக்கெடுக்க முற்பட்டது. மண்ணுக்கு ஒரு படம், காட்டுக்கு ஒரு படம், உழவுக்கு ஒரு படம் என்று குவிந்த தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாய் வைத்துக் கையால் ஒப்பிடுவது மனிதரால் ஆகாத காரியமாயிற்று. ராஜர் டாம்லின்சன் என்பவர் அத்தாள்களைக் கணிப்பொறிக்குள் ஏற்றி, அடுக்குகளை அது தானே ஒப்பிடுமாறு செய்தார். அடுக்கின்மேல் அடுக்கு என்னும் அக்கருத்தே இன்றளவும் இத்துறையின் முதுகெலும்பு.

அடுத்தது 1982. அமெரிக்கப் படையின் ஆராய்ச்சிக் கூடம் ஒன்று, படைக்குரிய நிலங்களைப் பராமரிக்க ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கிற்று. அதற்குக் கிராஸ் என்று பெயர். ஆங்கிலத்தில் புல் என்று பொருள்படும் சொல். லாம்டனும் படைவீரர், ஸ்பிட்ஃபயர் ஓட்டியவரும் படைவீரர், கிராஸை எழுதுவித்தோரும் படையினரே என்பது கருதத்தக்கது. ஆனால் இம்முறை கருவி பெட்டிக்குள் பூட்டப்படவில்லை. பொதுப் பணத்தில் எழுதப்பட்டதாகலின் எவரும் எடுத்துக் கொள்ளுமாறு விடப்பட்டது. படையினர் அதனைக் கைவிட்ட பின் பல்கலைக்கழகத்தாரும் தனியன்பர்களும் வளர்த்து வந்தனர். 2002இல் கேரி ஷெர்மன் என்பவர் கியூஜிஐஎஸ் என்னும் மற்றொரு மென்பொருளைத் தொடங்கினார். அதற்கும் விலையில்லை.

கருவி இலவசம், படம்? லேண்ட்சாட் படங்களின் விற்பனை 1980களில் ஒரு தனியார் கம்பெனிக்கு விடப்பட்டது. ஒரே ஒரு படத்தின் விலை 4,000 டாலருக்கும் மேலே சென்றது. பின்னர் அரசாங்கமே திரும்ப ஏற்று 600 டாலராகக் குறைத்தது. அதுவுங்கூட ஒரு தமிழ்ப் பள்ளி ஆசிரியர் கொடுக்கக் கூடிய தொகையன்று. 2008இல்தான் பழைய படங்கள் புதிய படங்கள் அனைத்தும் உலகத்தார் யாவர்க்கும் விலையின்றித் திறந்துவிடப்பட்டன. இந்நூற்றாண்டின் அறிவுச் செய்திகளில் இதனை மிகப் பெரியவற்றுள் ஒன்றாக நாம் கருதுகின்றோம். மாளிகைகள் திறந்ததற்கு மாலையிடும் நம் பத்திரிகைகள், இக்கதவு திறந்ததை ஒரு மூலையிலேனும் அச்சிட்டிருக்கலாம்.

நம்மவர் நாடுகளும் இதில் வாளாவிருக்கவில்லை. 1794இன் அளவைப் பள்ளி வளர்ந்து கிண்டிப் பொறியியற் கல்லூரியாயிற்று. அதே கிண்டியில் 1982இல் தொலையுணர்வுக்கென ஒரு நிலையம் தோன்றியது. இந்தியா 1988இல் தன் முதல் முழுப்பயன்பாட்டுத் தொலையுணர்வுக் கோளை அனுப்பிற்று. மலேசியாவும் அதே 1988இல் தொலையுணர்வு மையம் ஒன்றை நிறுவியது. அது 2019இல் நாட்டின் விண்வெளி நிறுவனத்தோடு இணைந்தது. 2009இல் மலேசியா ஏற்றிய ரசாக்சாட் என்னும் கோள், பூமத்திய ரேகையை ஒட்டிச் சுற்றி நம் நாட்டை அடிக்கடி பார்க்கும்படி அமைக்கப்பட்ட நல்ல எண்ணம். ஓராண்டளவில் செயலற்றுப் போனதுதான் வருத்தம்.

இனிக் கெலாங் பாத்தாவுக்குத் திரும்புவோம். விண்ணிலிருந்து ஒரு தோட்டம் எவ்வாறு தெரியும்? பச்சை இலை அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பியனுப்பும். ரப்பர் மரமோ ஆண்டின் தொடக்க மாதங்களில் இலையுதிர்த்துப் பின் தளிர்க்கும். காடும் செம்பனையும் அவ்வாறு ஒருங்கே உதிர்ப்பதில்லை. ஆகவே பிப்ரவரிப் படத்தையும் ஜூன் படத்தையும் அருகருகே வைத்தால், ரப்பர் எது, செம்பனை எது என்று கணிப்பொறி பிரித்துச் சொல்லிவிடும். மரம் உதிர்க்கும் காலத்தில் பால் குறையும், வருமானம் குறையும் என்று நம் பாட்டிமார் அறிந்திருந்த அதே செய்திதான் இங்கு விஞ்ஞானத்திற்கு அடையாளமாக உதவுகின்றது.

ஆனால் ஒரு குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும். லேண்ட்சாட் படத்தின் ஒரு சதுரம் தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். ஹெக்டேருக்கு 136 செம்பனை நடும் வழக்கப்படி, ஒரு சதுரத்தில் பன்னிரண்டு மரம் அடங்கும். பன்னிரண்டு மரமும் சேர்ந்து கணிப்பொறிக்கு ஒரே ஒரு எண். மரத்துக்கே அந்தக் கதியென்றால், மரங்களுக்கிடையே இருந்த லயத்து வீட்டின் கதி என்ன? ஆலமரத்தடியில் இருந்த சிறு கோயில், ஒற்றை அறைப் பள்ளி, புதைகாடு ஆகியவற்றின் கதி என்ன? ஐரோப்பியர் 2015 முதல் அனுப்பிய சென்டினல் கோள்களின் சதுரம் 10 மீட்டர். அதிலும் இவை மங்கலாகவே தோன்றும். அதற்குள் பல தோட்டங்கள் மறைந்தும் போயின.

இதைவிட ஆழமான குறை வேறொன்று. கணிப்பொறி தானாக எதனையும் பெயரிட்டு அழைப்பதில்லை. மென்பொருளை இயக்குகின்றவர் முதலில் சில இடங்களைச் சுட்டி, இது காடு, இது தோட்டம், இது கட்டடம் என்று கற்பிக்கின்றார். அதன் பின்னரே மற்றச் சதுரங்களை அது வகைப்படுத்துகின்றது. கற்பிக்கின்றவர் மூன்று வகையே சொல்லிக் கொடுத்தால், உலகம் அவர்க்கு மூன்று வகையாகவே தெரியும். செம்பனை என்று நிறம் தீட்டப்பட்ட பரப்பில் ஒருவரும் குடியிருக்கவில்லை என்று படம் சொல்லும். அது பொய்யென்று சொல்ல, அங்கே குடியிருந்தவர் வேண்டும். தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றிருக்க, நம் மக்கள் வழங்கிய தமிழ்ப் பெயர் வேறொன்றிருந்ததை யாவரும் அறிவர். அப்பெயர்கள் எந்த அரசாங்கப் படத்திலும் இல்லை. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய திறந்த தெருப்படம் என்னும் உலகப் படத்தில் எவரும் தம் ஊரின் பெயரை எழுதலாம், தமிழிலும் எழுதலாம். எழுதினோர் எத்தனை பேர்?

தரையின் கதை இது. நீரின் கதை இன்னும் நுட்பமானது. கெலாங் பாத்தாவின் தெற்கே, தஞ்சோங் கூப்பாங் கரைக்கும் மெராம்போங் தீவுக்கும் அருகே, ஆழமற்ற கடலடியில் புல்வெளிகள் உள்ளன. அலையடித்துக் கரையேறும் பாசி அன்று அது. வேரும் இலையும் பூவும் உடைய செடி. கடற்குதிரையும் இறாலும் மீன்குஞ்சும் அங்கே வளர்கின்றன. ஆவுளியா என்னும் கடற்பசு அதனை மேயும். பக்கத்திலுள்ள சுங்கை பூலாய் அலையாத்திக் காடு, 9,126 ஹெக்டேர், 2003இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. மலாய் மீனவரும், நீரிணையின் ஆதிக்குடிகளான ஒராங் செலேதார் மக்களும் இப்புல்வெளியை நம்பிப் பிழைத்தவர்கள்.

நீருக்கடியிலுள்ள புல்லை விண்ணிலிருந்து அளப்பது எங்ஙனம்? ஒளி நீரில் இறங்க இறங்கத் தேயும். சிவப்பு முதலில் மறையும், நீலம் ஆழம் வரை செல்லும். ஆதலால் ஒரு மீட்டர் ஆழத்துப் புல்லும் மூன்று மீட்டர் ஆழத்துப் புல்லும் ஒன்றாயிருந்தும் எண்ணில் வேறுபடும். நீரின் ஆழத்தைக் கணக்கிட்டு அவ்வேறுபாட்டைக் கழிக்க வேண்டும். சேறு கலங்கிய ஜொகூர் நீரிணையில் இது எளிதன்று. ஸ்குடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மிஸ்பாரி, மஸ்லான் ஹாஷிம் ஆகிய இருவரும் இவ்வேலையை மேற்கொண்டனர். 2009ஆம் ஆண்டின் லேண்ட்சாட் படத்தையும் 2013ஆம் ஆண்டின் படத்தையும் திருத்தி ஒப்பிட்டு, மெராம்போங் திட்டில் புல்லின் நிறை குறைந்துள்ளதை 2016இல் வெளியிட்டனர்.

ஆண்டுகளைக் கவனிக்க வேண்டுகின்றோம். அவ்விரு படங்களும் எடுக்கப்பட்ட பின்னரே, 2014இன் தொடக்கத்தில், ஃபாரஸ்ட் சிட்டி என்னும் நகருக்காக நான்கு செயற்கைத் தீவுகளை அமைக்க நீரிணையில் மணல் கொட்டப்பட்டது. மீனவர் முறையிட்டனர், சிங்கப்பூர் அரசாங்கம் கேள்வி எழுப்பிற்று, ஆண்டின் நடுவில் வேலை நிறுத்தப்பட்டு, விரிவான சுற்றுச்சூழல் மதிப்பீட்டிற்குப் பின் 2015 ஜனவரியில் ஒப்புதல் பெற்றது. 2013இன் படத்தையும் 2015இன் படத்தையும் கியூஜிஐஎஸ்ஸில் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினால், புல்லிருந்த திட்டின் குறுக்கே மணல் வெள்ளைக் கோடாக ஏறியிருப்பதை, எழுதப் படிக்கத் தெரியாதவரும் காணலாம். ஆனால் அதற்கு முந்திய நான்காண்டுக் குறைவுக்குக் காரணம் எது? வண்டலா, துறைமுகமா, ஆற்றில் வந்த கழிவா? படம் அதைச் சொல்லாது. எவ்வளவு மாறிற்று என்பது மட்டுமே அதன் சாட்சி. ஏன் மாறிற்று என்பதற்கு வேறு சாட்சி வேண்டும். சிலர் இதனை மறந்து, படத்தைக் காட்டியே தம் கட்சிக்கு வழக்காடுகின்றனர். மறுதரப்பார் உடனே, வானத்திலிருந்து புல் எப்படித் தெரியும் என்று நகைக்கின்றனர். இருவரும் மென்பொருளைத் திறந்து பார்க்காதவர்கள்.

புல் எப்படித் தெரியும் என்னும் கேள்விக்கு விடை கடலிலேயே இருக்கின்றது. கணிப்பொறி காட்டும் எண் மெய்யா என்று சோதிக்க, ஒருவர் இறங்கி நிற்க வேண்டும். வற்றுக் கடலில் மெராம்போங் திட்டு சில மணி நேரமே தலைகாட்டும். அந்நேரத்தில் சிறு சதுரச் சட்டத்தைச் சேற்றின்மேல் வைத்து, அதற்குள் எந்த இனப் புல், எவ்வளவு அடர்த்தி என்று எண்ணி, இடத்தின் குறியீட்டோடு எழுதிக் கொள்கின்றனர். எந்த நாளில் எவ்வளவு நீர் வற்றும், எந்த மூலையில் கால் புதையும், எங்கே சென்ற ஆண்டு புல் இருந்து இவ்வாண்டு இல்லை என்பதைக் கரையோரத்து மீனவர்கள் எந்தக் கருவியுமின்றி அறிவார்கள். கோள் கடக்கும் நாளும், மேகமற்ற முற்பகலும், நீர் வற்றும் நேரமும் ஒன்றாய்க் கூடுவது ஆண்டில் மிகச் சில நாட்களே. அந்நாட்களில் படகு புறப்படும்போது அதில் சட்டம் பிடிக்க ஆள் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே அடுத்த பதினாறு நாள் சுற்றின் கணக்கு அமையும்.